விளக்கு மட்டும் எரிந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சித்தி பொய்யே சொல்லாதவள் இல்லை. தாராளமாகச் சொல்வாள். சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பாள், சாப்பிட்டிருக்க மாட்டாள். நன்றாகத் தூங்கினாயா என்றால் அடித்துப் போட்டது மாதிரி தூங்கினேன் என்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் தட்டியிருக்கும். ஆனால் மெஷின் விஷயத்தில் மட்டும் இருந்ததை இருந்தபடியே சொல்வாள். ஒரு புள்ளி கூட்ட மாட்டாள், ஒரு புள்ளி குறைக்க மாட்டாள். அப்படிப்பட்டவள் சொன்னது இது. இது நடந்த ஆபீஸ் லேப்புக்கு நானே போயிருக்கிறேன். அந்தப் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டு, 'பக்கத்துல இருந்து ஏதாவது சிக்னல் வந்திருக்கும்' என்று மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். அதையெல்லாம் சித்தியே சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள்.

இன்னொன்று. பேய் என்றால் ராத்திரிதான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? இது மத்தியானம் நடந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

சித்தி வேலை பார்க்கும் கம்பெனி ஒரு பெட்டி செய்கிறது. தனியாக இருப்பவர்களுக்கான பெட்டி. அலமாரியில் வைத்துவிட்டு, அதோடு வரும் சின்னப் பட்டனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ பட்டனை அமுக்கினால் போதும். பெட்டியில் பச்சை விளக்கு எரியும், 'பிப்' என்று ஒரு சத்தம் வரும். உடனே பெட்டி தானாக அழைப்பு மையத்துக்கு ஃபோன் போடும். அங்கிருந்து ஆள் வரும்.

என் அம்மா வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அப்பா போன பிறகு அம்மா தனி. நான் வேலைக்காக வேறு ஊரில். சித்தி இன்னொரு ஊரில். சித்திக்குக் கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை, அதைப் பற்றி அவளிடம் யாரும் பேசுவதில்லை. அக்கா ஒரு வீட்டில் தனி, தங்கை ஒரு வீட்டில் தனி. இரண்டு பேரும் சேர்ந்து இருங்களேன் என்று நான் சொல்லாத நாள் இல்லை. "அவ டிவி சத்தம் எனக்கு ஆகாது" என்பாள் சித்தி. "அவ ஃபேன் போடாம தூங்குவா, எனக்கு வெந்துடும்" என்பாள் அம்மா. ரெண்டும் பிடிவாதத்தில் ஒரே அச்சு.

கடைசியில் சித்தி இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் வர முடியலன்னாலும் இது உன்னைப் பாத்துக்கும்கா. உள்ளுக்குள்ள ஓடுறது நான் எழுதினது."

"அப்போ இது நீ பெத்த பிள்ளை. அக்கா பையன் மாதிரி இல்லாம பெரியம்மாவை ஒழுங்கா பாத்துக்கச் சொல்லு" என்றாள் அம்மா. நான் பையன் இல்லை, பெண். அது அம்மாவுக்கும் தெரியும். குத்திக்காட்டும்போது அவளுக்குக் கணக்கெல்லாம் கிடையாது.

சித்தி எழுதுவது கெர்னல். மெஷினுக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்திருக்கும் புரோகிராம் அது. மற்ற புரோகிராம்கள் அதைக் கேட்டுத்தான் மூச்சு விட வேண்டும். அவள் எனக்கு விளக்கியது இப்படி: ஒவ்வொரு புரோகிராமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வேலை பார்க்கும் ஓர் ஆள். கெர்னல் வாசலில் நிற்கும் வாட்ச்மேன். வெளியே ஏதாவது நடந்தால் அவன் கதவைத் தட்டுவான். அந்தத் தட்டல்தான் சிக்னல். உள்ளே இருப்பவன் முக்கியமான வேலையில் இருந்தால், 'இப்போது தட்டாதே' என்று கதவில் ஒரு பலகை மாட்டலாம். பலகை தொங்கும்வரை வாட்ச்மேன் தட்ட மாட்டான். யாராவது வந்தால் சுவரில் ஒரு கோடு போட்டுவைப்பான். பலகையை எடுத்ததும் சொல்வான்.

"நூறு பேர் வந்தா நூறு கோடா சித்தி?"

"இல்லடி. நூறு தடவை வந்தாலும் ஒரே கோடுதான்."

"பாவம்."

"யாரு? வாட்ச்மேனா?"

"வந்தவங்க."

சித்தி சிரித்தாள். அப்போது சிரித்தாள்.

அன்றைக்குத் தொடர் விடுமுறை. ஆபீஸில் ஈ காக்கை இல்லை. லீவு நாளில் சித்தி மட்டும்தான் போவாள். கேட்டால், "வீட்லயும் பேச ஆள் இல்ல, ஆபீஸ்லயும் பேச ஆள் இல்ல. ஆபீஸ்ல ஏசியாவது இருக்கு" என்பாள். எல்லாப் பெட்டிகளுக்கும் புது வெர்ஷன் அனுப்பும் வேலை அடுத்த வாரம் இருந்தது. அதற்கு முன்னால் பழைய வெர்ஷன் ஓடும் பெட்டி ஒன்றில் ஏற்றிப் பார்க்க வேண்டும். திரும்பி வந்த பெட்டிகள் ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கிடந்தன. வாடிக்கையாளர் வீடு மாறியிருப்பார், பிள்ளைகளோடு போயிருப்பார், அல்லது போய்ச் சேர்ந்திருப்பார். யாரும் விசாரிப்பதில்லை.

சித்தி கைக்கு வந்த ஒன்றை எடுத்தாள். அதற்கு ஒரு துணி உறை போட்டிருந்தது. சின்னச் சின்ன நீலப்பூ போட்ட பருத்தித் துணி. மூலை நாலும் கச்சிதமாக மடித்து, தையல் கண்ணுக்கே தெரியாத மாதிரி தைத்திருந்தது. விளக்கு தெரிவதற்கென்று வட்டமாக ஒரு ஓட்டை. அதற்கும் சுற்றி நூல் வேலை. ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்கு இவ்வளவு பாடா என்று நினைத்துக்கொண்டாள். உறையைக் கழற்ற மனசு வரவில்லை. அப்படியே கேபிளை மாட்டி, மேசையில் வைத்து, ஆன் செய்தாள்.

காலையில் ஆன் செய்தது. உடனே வேலையைத் தொடங்கவில்லை. வேறு ஏதோ பிழையில் மூழ்கிவிட்டாள். பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம் வந்து போனது. வழக்கம்போல் சாப்பிடவில்லை.

மூன்று மணி பத்து நிமிஷம் இருக்கும்.

பிப்.

சித்தி தலையைத் தூக்கினாள். நீலப்பூ உறையின் ஓட்டைக்குள் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யார் அமுக்கியது? லேப்பில் அவள் மட்டும்தான். லேப்பின் சோதனைப் பட்டன்கள் எல்லாம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. அப்படியே ஒன்று வெளியே கிடந்தாலும் பிரயோஜனம் இல்லை. ஒவ்வொரு பெட்டியும் தன்னோடு வந்த பட்டனுக்கு மட்டும்தான் காது கொடுக்கும். ஸ்கிரீனில் பார்த்தாள். வந்த பட்டனின் நம்பர் இருந்தது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த நம்பரும் அதுதான்.

இதோட ஜோடி பட்டன் இங்கேயே எங்கேயோ விழுந்து கிடக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தாள். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடினாள். மற்ற பெட்டிகளோடு பட்டன் இருந்தது. இதனோடு இல்லை. மேசைக்கு அடியில் தவழ்ந்து பார்த்தாள். குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தாள். முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது...

பிப்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். பிப்.

அப்போது சித்திக்குப் பயம் இல்லை. எரிச்சல்தான். ஏனென்றால் அவள் கண்ணில் வேறொன்று பட்டுவிட்டது. விளக்கு எரிகிறது. சத்தம் வருகிறது. ஆனால் பெட்டி ஃபோன் போட முயற்சியே செய்யவில்லை. லேப்பில் ஃபோன் லைன் கிடையாது, அதனால் அழைப்பு போகாது, சரி. ஆனால் முயற்சிகூடச் செய்யாமல் சும்மா இருப்பது எப்படி?

விளக்கையும் சத்தத்தையும் பார்த்துக்கொள்வது ரேடியோ பகுதி. பட்டன் அமுங்கியதும் அது தானாக விளக்கைப் போட்டுவிடும். ஃபோன் போடுவது உள்ளே இருக்கும் புரோகிராம். வாட்ச்மேன் தட்டினால்தான் அதற்குத் தெரியும். சித்தி கெர்னலைக் கேட்டுப் பார்த்தாள்.

கதவில் பலகை தொங்கியது. சுவரில் ஒரே ஒரு கோடு.

பிப்.

கோடு கூடவில்லை. அதே ஒரு கோடு.

"என்ன சனியன் இது" என்றாள் வாய்விட்டு. தன் குரலே அவளுக்கு வேற்றாள் குரல் மாதிரி கேட்டது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

பெட்டியின் ஆன்டெனாவைக் கழற்றினாள். ஆன்டெனா இல்லாத பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினால்கூட ஒழுங்காகக் கேட்காது.

பிப்.

ரேடியோ லேப்களில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். உள்ளே அலை புகாது, வெளியே அலை போகாது. செல்ஃபோனை உள்ளே வைத்து மூடினால் அது செத்த மாதிரி. சித்தி அந்தத் துணி உறையோடு பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள். கேபிள் மட்டும் வெளியே. கனமான கதவைச் சாத்தி, கைப்பிடியை முறுக்கி இறுக்கினாள். நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஸ்கிரீனையே பார்த்தாள்.

ஒன்றும் இல்லை. ஏசி சத்தம் மட்டும்.

ஒன்றும் இல்லை...

இரும்புக்குள்ளிருந்து, மெதுவாக...

பிப்.

ஸ்கிரீனில் அதே பட்டன் நம்பர்.

சித்தி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியதாம். ஓடி எங்கே போவது? வீட்டுக்குப் போனாலும் யார் இருக்கிறார்கள், 'பயந்துட்டேன்' என்று சொல்ல? அந்த நேரத்தில் தனக்கு வந்த நினைப்பு அதுதான் என்று என்னிடம் சொன்னாள். அதனால்தான் அங்கேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அப்புறம் கவனித்தாள். சத்தங்களுக்கு இடையே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

முதலில் படபடவென்று வந்தது. பிறகு நின்று நின்று. இப்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ரொம்ப நேரம். ரேடியோ கோளாறு அப்படி வராது. கோளாறுக்குக் களைப்பு கிடையாது.

இது களைத்துப்போன கை.

பிப்.

...

பிப்.

...

பீ.........

நிற்கவில்லை. விடாமல் அமுக்கிப் பிடித்த பட்டன்.

பீ...............

"போதும்" என்றாள் சித்தி. அந்தப் புரோகிராமுக்கு ஒன்பதை அனுப்பினாள்.

ஒன்பது என்பது கடைசி சிக்னல். அதற்கு எந்தப் பலகையும் செல்லாது. ஒன்பது வந்தால் எந்தப் புரோகிராமும் அந்த இடத்திலேயே சாக வேண்டும்.

அது சாகவில்லை.

மறுபடி அனுப்பினாள்.

சாகவில்லை.

எதையோ எதிர்பார்த்து ஆழ்ந்து காத்திருக்கும் புரோகிராமை ஒன்பதாலும் ஒன்றும் செய்ய முடியாது. அந்தக் காத்திருப்பு முடிய வேண்டும். அதுவரை ஒன்பதும் வாசலில் நிற்கும். இது ரேடியோவிடமிருந்து ஒரே ஒரு தகவலுக்காகக் காத்திருந்தது.

விரல் எடுக்கப்பட்டது என்ற தகவலுக்காக.

பீ...............

மின்சாரத்தைப் பிடுங்கியிருக்கலாம். அதற்குத்தான் கை போனது. ஆனால் இருபது வருஷப் பழக்கம் ஒன்று கையைப் பிடித்துக்கொண்டது. பிழை கண்முன்னே நிற்கும்போது அணைக்கக் கூடாது. அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும். மறுபடி ஆன் செய்தால் புதுசாக, சுத்தமாக, ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்துவரும்.

அணைத்து ஆன் செய்தால்...

சித்தி அப்படியே நின்றாள்.

லேப்பில் ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் பெட்டியை அணைத்து ஆன் செய்வார்கள். எல்லோரும் செய்வார்கள். அது கை கழுவுவது மாதிரி ஒரு வழக்கம். அதனால் அவர்கள் சோதித்தது எல்லாமே புதுசாக எழுந்த பெட்டிகளை. வீட்டில் யார் அணைக்கிறார்கள்? 'எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள்' என்று பெட்டி மேலேயே எழுதியிருக்கிறது. வாரக்கணக்கில், மாசக்கணக்கில் அணையாமல் ஓடும் பெட்டியில் என்ன நடக்கும் என்று யாருமே பார்த்ததில்லை. இன்றைக்கு அவள் மறதியாகக் காலையிலிருந்து ஓடவிட்டதால்தான் இந்தப் பலகையே அவள் கண்ணில் பட்டது.

பலகையை மாட்டியது யார்? ஓடிப்போய் உட்கார்ந்து புரோகிராமின் வரிகளைப் பார்த்தாள். பெட்டி அவ்வப்போது ஃபோன் லைன் இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தொந்தரவு வரக்கூடாது என்று பலகை மாட்டும். முடிந்ததும் எடுக்க வேண்டும். லைன் இருந்தால் திரும்பும் வழி ஒன்று, லைன் இல்லாவிட்டால் திரும்பும் வழி ஒன்று. முதல் வழியில் பலகையை எடுக்கும் வரி இருந்தது. இரண்டாவது வழியில்...

இல்லை.

ஒரு நிமிஷம் லைன் போய் வந்தாலே போதும். பலகை அங்கேயே தொங்கும். அதற்கப்புறம் எத்தனை தடவை அமுக்கினாலும் விளக்கு எரியும், சத்தம் வரும், யாரும் வர மாட்டார்கள்.

அந்த வரிகளை எழுதியவர் பெயர் ஓரத்தில் இருந்தது. சித்தியின் பெயர்.

அக்கா.

ஃபோனை எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். அம்மா ஃபோனை எடுப்பதில் சூரப்புலி. யாராவது கூப்பிட மாட்டார்களா என்று கையிலேயே வைத்திருப்பவள். இரண்டாவது மணிக்கு மேல் அடிக்க விட்டதே கிடையாது.

அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

எடுக்கவில்லை.

அழைப்பு மையத்துக்கு அடித்தாள். அங்கே ஒரு பெண் நிதானமாகப் பார்த்துச் சொன்னாள். "அந்த வீட்ல இருந்து எந்த அழைப்பும் இல்லைங்க மேடம். காலையில ஒரு நிமிஷம் லைன் இல்ல, அப்புறம் வந்துடுச்சு. எல்லாம் நல்லா இருக்கு."

பின்னால் இரும்புப் பெட்டிக்குள்...

பீ...............

அம்மா வீட்டு மாடியில் ஒரு டியூஷன் சார் இருக்கிறார். நல்ல கனமான மனுஷர். மாடிப்படி இறங்குவதற்கே இரண்டு தடவை யோசிப்பவர். அவருக்கு அடித்தாள்.

"சார், அக்காவைக் கொஞ்சம் பாருங்க. உடனே."

"என்னம்மா, இந்த நேரத்துல தூங்குவாங்க..."

"சார், கால்ல விழுறேன். ஓடுங்க."

அவர் ஓடினார். ஃபோனை அணைக்கவில்லை. படியில் செருப்புச் சத்தம். கதவு தட்டும் சத்தம். "அம்மா... அம்மா..." பதில் இல்லை.

"ஜன்னல் வழியா பாருங்க சார். அலமாரில பெட்டி தெரியுதா?"

"தெரியுது. பச்சை விளக்கு எரியுதும்மா."

"இடிங்க."

"கதவையா? வீட்டுக்காரர்..."

"இடிங்க சார்!"

தோளால் இடிக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று. மரம் பிளக்கும் சத்தம். அவர் மூச்சிரைப்பது கேட்டது. உள்ளே நடக்கும் சத்தம். பிறகு எதுவும் கேட்கவில்லை.

"சார்..."

"..."

"சார்..."

"பாத்ரூம்ல விழுந்து கிடக்காங்க. இருங்க... இருங்க... மூச்சு இருக்கும்மா. கண்ணைத் திறக்குறாங்க. கையில அந்தப் பட்டனை அப்படிப் பிடிச்சிருக்காங்க... விடுங்கம்மா, நான் வந்துட்டேன், விடுங்க..."

சித்தியின் முதுகுக்குப் பின்னால் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். ஸ்கிரீனில் அந்தப் புரோகிராம் இல்லை. வாசலில் நின்ற ஒன்பது உள்ளே போய்விட்டிருந்தது.

யாரோ விரலை எடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நடந்தது, பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததுமே நர்ஸைத் திட்டுமளவுக்குத் தெம்பாக இருந்தாள். எப்போது விழுந்தாய் என்று சித்தி கேட்டாள். "மூணு மணி செய்தி ஆரம்பிச்சு முடியல. எழுந்து போனேன், வழுக்கிடுச்சு. அமுக்கு அமுக்குன்னு அமுக்கினேன். ஹால்ல 'பிப்'னு கேக்குது. சரி, ஆள் கிளம்பிட்டாங்கன்னு நினைச்சேன். அப்புறம் கை ஓயுது. கடைசியில அமுக்கினபடியே பிடிச்சுக்கிட்டேன்." பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி அழற? உன் பிள்ளை கொஞ்சம் லேட். அவ்வளவுதானே" என்றாள்.

சித்தி கதறி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் மூளை உடனே கணக்குப் போட்டது. அம்மாவின் பட்டன் சிக்னல்தான் எப்படியோ லேப்புக்கு வந்துவிட்டது என்று. சித்தி இல்லை என்று தலையை ஆட்டினாள். நடுவில் ஒரு ராத்திரி பஸ் பயண தூரம் இருக்கிறது. அந்தப் பட்டன் தெருமுனை வரைகூடக் கேட்காது. அதோடு ஸ்கிரீனில் வந்தது அம்மாவின் பட்டன் நம்பர் இல்லை. அந்த நீலப்பூ பெட்டியின் ஜோடி நம்பர்.

மறுநாளே எல்லா வீடுகளுக்கும் ஆள் விட்டு, பெட்டிகளை அணைத்து ஆன் செய்ய வைத்தார்கள். பலகையை எடுக்கும் வரியைச் சித்தி அழுதுகொண்டே எழுதினாள். ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. அந்தப் பெட்டி எந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பட்டனைக் கேட்டு வாங்கி வருகிறேன் என்று சொன்னாள். அதற்காக மட்டும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

கதவைத் திறந்தவர் ஒரு பஸ் டிரைவர். ஹாலில் ஒரு தையல் மெஷின். அதன் மேல் உறை. சின்னச் சின்ன நீலப்பூ.

"அம்மா டெய்லருங்க. போன வருஷம் தவறிட்டாங்க. நான் ட்ரிப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா..." காலி அலமாரியைக் காட்டினார். "பெட்டியில விளக்கு எரிஞ்சிட்டே இருந்துச்சு. அதைப் பாத்துட்டு, ஆள் வருவாங்க வருவாங்கன்னு இருந்திருப்பாங்க."

சித்தி மறைக்கவில்லை, அக்கா விழுந்து கிடந்ததையும் சொன்னாள். தப்பு என் மேல, அந்தப் புரோகிராமை எழுதினது நான்தான் என்று நின்றபடியே சொன்னாள். அவர் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் தையல் மெஷின் உறையை ஒரு தடவை நீவிவிட்டார்.

"உங்க அக்கா பொழச்சிட்டாங்களா?"

"பொழச்சிட்டா."

"சரி" என்றார். அவ்வளவுதான். கிளம்பச் சொல்கிறார் என்று புரிந்தது. வாசல்வரை வந்துவிட்டு, அப்போதுதான் சித்தி கேட்டாள்.

"அந்தப் பட்டன்... உங்ககிட்ட இருக்கா?"

"இல்லைங்க."

"தொலைஞ்சிடுச்சா?"

"இல்ல. அம்மா கையிலதான் இருந்துச்சு. அமுக்கினபடியே விரல் இறுகிப் போச்சு. காலமெல்லாம் கத்திரி பிடிச்ச கை பாருங்க... நானும் டாக்டரும் எவ்வளவோ பாத்தோம், பிரிக்க முடியல. உடைக்கவா முடியும்? அப்படியே வச்சுப் புதைச்சிட்டோம்."

அந்தப் பெட்டி இப்போது சித்தி வீட்டில், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உறையோடு. ஃபோன் லைன் கொடுத்து, அழைப்பு மையத்துக்குப் பதிலாகத் தன் நம்பருக்கே வருகிற மாதிரி மாற்றி வைத்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவையும் அங்கேதான் அழைத்துப் போனாள். ஃபேன் ஓடுகிறது, டிவியும் ஓடுகிறது, இரண்டு பேரும் நாள் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். விளக்கு அதற்கப்புறம் எரியவில்லை. நான் போயிருந்தபோது கேட்டேன்.

"அதான் எல்லாம் முடிஞ்சுதே சித்தி. அணைச்சுத் தொலையேன். எதுக்கு இன்னும் வச்சிட்டிருக்க?"

சித்தி உறையின் மடிப்பைச் சரிசெய்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்தப் பட்டன் பேட்டரி அஞ்சு வருஷம் வரும்டி" என்றாள். "இன்னும் நாலு வருஷத்துக்குக் கிட்ட இருக்கு."